தங்கவயலைக் காணச் செல்வோர்க்கு

திருப்புலிவனத்துக் கோயிலுக்கு வருவோர்க்குச் சோழர் காலத்தைச் சொல்லச் சுவரில் கல்வெட்டுகள் உள்ளன. கோலார் தங்கவயலுக்குச் செல்வோர் முதலிற் காண்பதோ சாம்பல் நிறக் குன்றுகள். பலர் அவற்றை இயற்கைக் குன்றுகள் என்றே எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அவை குன்றுகள் அல்ல. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு கலந்த மணல் மேடுகள்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் திரளாகச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டோர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் தங்கவயலை எட்டியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலாக ஆழ்ந்தது. அந்த ஆழத்தில் வெப்பமும் பாறை வெடிப்பும் அன்றாடத் துணைகள். கல்தூசு நுரையீரலைத் தின்றது. அங்கேதான் 1965இல் அறிவியலார் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தனர்.

ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. பொன் போயிற்று, மணல் நின்றது. காற்று எழும்போது அது குடியிருப்புகளின் மேல் படிகிறது. அங்கு வாழும் தொழிலாளர் மரபினர் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

ஆதலின் தங்கவயலை இறந்த நகர் என்று எழுதுதல் பொருந்தாது. இறந்தது தொழில், ஊர் அன்று. அங்குச் செல்லும் கவிஞர்கள் மேட்டின் அழகைப் பாடுமுன், அதன் நிழலில் தமிழ் பேசி வாழ்வோரிடம் ஒரு நாழிகை அமர்ந்து கேட்டல் வேண்டும். எழுதப்படாத கல்வெட்டு அவர்கள் நினைவில் உள்ளது.