கட்டமஞ்சியும் டப்ளினும்: காங்கிரஸ் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கிய ஆனந்தாச்சார்லு, ஆல்ஃபிரட் வெப்

சித்தூர்: ஆந்திரப் பிரதேச மாநிலம் சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்த வழக்கறிஞர் பி.ஆனந்தாச்சார்லு, 1891-ஆம் ஆண்டு நாக்பூரில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1894-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் தலைமைப் பொறுப்பு அயர்லாந்து தேசியவாதியான ஆல்ஃபிரட் வெப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. திறன் மிக்க தலைவர்களைத் தன்னிடத்தே கொண்டிருந்த சென்னை மாகாணம், டப்ளின் நகரத்து அச்சக உரிமையாளர் ஒருவரை வரவேற்று அமர்த்தியதன் பின்னணியை இருவரின் வாழ்க்கையும் விளக்குகிறது.

வட ஆற்காட்டுப் பிள்ளை:

ஆனந்தாச்சார்லு 1843-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கிய பகுதி அது. திருமலை-திருப்பதி கோயில் நிர்வாகத்தைக் கிழக்கிந்திய கம்பெனி தன் நேரடிப் பொறுப்பிலிருந்து விடுவித்து, ஹாதிராம்ஜி மடத்தின் மஹந்திடம் ஒப்படைத்ததும் அதே 1843-ஆம் ஆண்டில்தான். தனி சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவானது.

இளம் வயதிலேயே சென்னைக்குச் சென்ற ஆனந்தாச்சார்லு, வழக்கறிஞர் காயலி வேங்கடபதியிடம் தொழில் பயின்று, 1869-இல் வழக்கறிஞரானார். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். அச்சங்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 1878-இல் 'தி இந்து' இதழைத் தொடங்கியபோது அவர்களுக்குத் துணை நின்று, அதில் கட்டுரைகளும் எழுதினார். 1884-இல் எம்.வீரராகவாச்சாரியார், ஜி.சுப்பிரமணிய ஐயர் ஆகியோருடன் இணைந்து சென்னை மகாஜன சபையை நிறுவினார். மறு ஆண்டு மும்பையில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் பங்கேற்ற 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். தென்னிந்தியாவிலிருந்து காங்கிரஸ் தலைமைப் பதவியை எட்டிய முதல் தலைவரும் அவரே. பின்னர் வைஸ்ராயின் சட்டமன்றத்திலும் உறுப்பினராகப் பணியாற்றினார்.

அடிமை முறையை எதிர்த்த குடும்பம்:

ஆல்ஃபிரட் வெப் 1834-இல் டப்ளினில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் டேவிஸ் வெப் அச்சகம் நடத்தியவர்; தாய் ஹன்னா வாரிங். போரையும் அடிமை முறையையும் எதிர்த்த குவேக்கர் எனும் சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. 1837-இல் தொடங்கப்பட்ட ஐரிஷ் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் நிறுவனர்களுள் ரிச்சர்ட் வெப்பும் ஒருவர். அமெரிக்காவில் அடிமைத் தளையிலிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் 1845-இல் அயர்லாந்துக்கு வந்தபோது, அவரது தன்வரலாற்றின் டப்ளின் பதிப்பு வெப் அச்சகத்தில்தான் அச்சேறியது.

அதே ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சம் அயர்லாந்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேரை பலி கொண்டது. குவேக்கர்களின் நிவாரணப் பணிக்காக ரிச்சர்ட் வெப் மேற்கு அயர்லாந்தின் கிராமங்களுக்குச் சென்று நிலைமையை அறிக்கையாக எழுதினார். சிறுவன் ஆல்ஃபிரட் வளர்ந்த சூழல் இதுவே. 1861-இல் எலிசபெத் ஷாக்கில்டனை மணந்த அவர், குடும்ப அச்சகத்தை நடத்தியபடியே 1878-இல் அயர்லாந்து ஆளுமைகளின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்.

நாடாளுமன்றப் பாதை:

1801 முதல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இல்லை. அதன் உறுப்பினர்கள் லண்டனில்தான் அமர்ந்தனர். தன்னாட்சி கோரி ஐசக் பட் 1870-இல் தொடங்கிய 'ஹோம் ரூல்' இயக்கத்தில் வெப் தொடக்கம் முதலே பங்கேற்றார். 1890-இல் மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, 1895 வரை உறுப்பினராக இருந்தார்.

இந்தியாவின் வரவு-செலவும் சட்டங்களும் அந்த நாடாளுமன்றத்தின் மேலதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆனால், இந்தியர்களுக்கு அங்கு ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. 1892-இல் லண்டன் தொகுதி ஒன்றில் வென்ற தாதாபாய் நௌரோஜி, ஐரிஷ் உறுப்பினர்களின் துணையை நாடினார். அவருக்கு நெருக்கமாக இருந்தவர் வெப். இந்திய அரசின் அபின் வணிகத்துக்கு எதிராக 1893-இல் வெப் கொண்டுவந்த தீர்மானம், அது குறித்த அரச விசாரணைக் குழு அமைய வழிவகுத்தது.

சென்னை மாநாடு:

வெப்புக்கு முன் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் யூல் (1888), வில்லியம் வெட்டர்பர்ன் (1889) ஆகிய இருவரும் ஆளும் நாட்டைச் சேர்ந்தவர்கள். வெப்போ, இந்தியாவைப் போலவே லண்டனிலிருந்து ஆளப்பட்ட நாட்டின் பிரதிநிதி. அமெரிக்க அடிமை முறைக்கு எதிரான போராட்டத்தில் வளர்ந்தவர் என்றே சென்னை மாநாட்டில் அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். இந்தியப் பருத்தித் துணி மீதான கலால் வரிக்கும், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் முயற்சிக்கும் அம்மாநாடு எதிர்ப்பு தெரிவித்தது. நேட்டாலில் அப்போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் 25 வயது வழக்கறிஞர் காந்தி.

ஒரே ஆண்டில் மறைவு:

ஆனந்தாச்சார்லுவும் வெப்பும் சங்கம், மனு, பத்திரிகை, சட்டமன்றம் ஆகியவற்றின் வழியே உரிமை பெறலாம் என்று நம்பிய தலைமுறையினர். அந்த வழி போதாது என்ற குரல் வலுத்து, 1907 டிசம்பரில் சூரத் மாநாட்டில் காங்கிரஸ் பிளவுபட்டது. அடுத்த ஆண்டே மிதவாதிகள் அணியைச் சேர்ந்த ஆனந்தாச்சார்லு காலமானார். அதே 1908 ஜூலையில், ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் வெப் மறைந்தார்.

எனினும், வெப் ஏந்திய முழக்கம் சென்னைக்கு மீண்டும் வந்தது. ஐரிஷ் வம்சாவளியினரான அன்னி பெசன்ட் 1916-இல் தமது இயக்கத்துக்கு 'ஹோம் ரூல்' என்றே பெயரிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் கல்லூரி தொடங்கிய மதனப்பள்ளி, ஆனந்தாச்சார்லு பிறந்த மண்ணை உள்ளடக்கிய அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.