வாடகைச் சட்டம் காத்த நகரம்: ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளும் குடியிருப்போரும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தப்பிப் பிழைத்ததில் தொல்லியல் சட்டங்களுக்குப் பெரிய பங்கு இல்லை. அந்தப் பெருமை ஒரு வாடகைச் சட்டத்துக்கே சேரும். மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்துவைத்தது; குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் கடினமாக்கியது. வாடகையில் லாபம் இல்லை, இடித்துக் கட்டுவதும் எளிதில்லை என்றான பின் உரிமையாளர்கள் கட்டடங்களை அப்படியே போட்டுவைத்தார்கள். மாடியில் குடும்பம், கீழே கடை, முன்னால் வெயிலும் மழையும் படாத ஐந்தடி நடைபாதை என்ற அமைப்பு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அரசே முன்னின்ற இடங்களில் மட்டும் கதை வேறு. 65 மாடிக் கொம்தார் கோபுரத்துக்காக 1970களில் கடைவீட்டுத் தெருக்கள் பல தரைமட்டமாயின.

பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து, ஓடு, தேக்குச் சட்டம் என்றே போகிறது. யார் அங்கே வாழ்கிறார், எந்த உரிமையின் பேரில் வாழ்கிறார் என்ற கேள்வி அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. ஜார்ஜ்டவுனின் அனுபவம் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது.

வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. இடைக்காலச் சலுகை 1999 டிசம்பர் 31உடன் முடிந்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்திலேயே வாடகை பல மடங்கு ஏறியது. கட்ட முடியாதவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அவர்களோடு வாடிக்கையாளர்களும் போனதால், பெட்டி செய்பவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், சொங்கொக் தொப்பி தைப்பவர் போன்ற கைவினைஞர்களுக்கு வாடகைச் சுமையோடு வியாபார நட்டமும் சேர்ந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7 அன்று, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. மையப் பகுதி 109 ஹெக்டேர். அதில் 1,700க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள். பல சமயங்களும் இனங்களும் அடுத்தடுத்த தெருக்களில் சேர்ந்து வாழும் உயிருள்ள மரபே இந்தத் தகுதிக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த மரபைச் சுமந்தவர்களில் கணிசமானோர் அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தார்கள் என்பதுதான் இதிலுள்ள முரண்.

பட்டியலில் ஏறிய பிறகும் இந்தப் போக்கு நிற்கவில்லை. மரபுப் பகுதியில் 2009இல் எடுத்த கணக்கெடுப்பு பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குடியிருப்போரைக் காட்டியது. 2013இல் அது சுமார் 9,400. காலியான மாடிகளில் சில, ஆட்களுக்குப் பதிலாகப் பறவைகளைக் குடிவைத்தன. சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, சுவர் ஊறும் அளவுக்கு ஈரப்பதம் ஏற்றி, உணவுக்கான பறவைக்கூடு வளர்த்தார்கள். மரபுப் பகுதிக்குள் இந்தத் தொழிலை 2013 இறுதிக்குள் நிறுத்தும்படி உத்தரவு போட வேண்டியதாயிற்று. மற்ற வீடுகள் தங்கும் விடுதிகளாயின, காப்பிக் கடைகளாயின. 2012இல் எர்னெஸ்ட் சக்காரெவிச் ஆர்மீனியன் தெருவில் வரைந்த, சைக்கிளில் போகும் குழந்தைகள் ஓவியத்தின் முன் படமெடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓட்டும் வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் இன்னும் குடியிருக்கிறார்கள் என்பது வரிசையில் நிற்பவர்களின் கவலை இல்லை.

மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் வாதம் பொய்யாகிவிடும். கட்டுப்பாட்டுக் காலத்தில் கூரை ஒழுகியது, உத்தரம் செல்லரித்தது. வரும் வாடகை ஓடு மாற்றவும் போதாது என்று உரிமையாளர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. லீத் தெருவின் சியோங் ஃபாட் ஸீ மாளிகை இதற்கு நல்ல உதாரணம். பல குடும்பங்கள் அறைஅறையாகப் பிரித்துக் குடியிருந்து சிதைந்த அந்த நீல மாளிகை, 1990களில் கவனமாகச் சீரமைக்கப்பட்டு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதைப் பெற்றது. இன்று அது ஒரு விடுதி. கட்டடம் பிழைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் ஒரு செல்வந்தரின் மாளிகைக்குப் பொருந்தும் தீர்வை ஆயிரம் கடைவீடுகளுக்கு மாதிரியாக்க முடியாது. ஊர் முழுவதும் விடுதியானால் விருந்தினர் பார்க்க ஊர் என்று ஒன்று இருக்காது.

இந்தச் சிக்கல் பினாங்குக்கு மட்டும் உரியதல்ல. 1975இல் ஐரோப்பாவின் ஆம்ஸ்டர்டாம் பிரகடனம், பழைய பகுதிகளைப் புதுப்பிக்கும்போது அங்கே வாழும் மக்களின் சமூக அமைப்பு பெரிதாக மாறாமல் இயன்றவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாகவே கேட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இத்தாலியின் போலோஞா நகராட்சி அதைச் செயலில் இறக்கியிருந்தது. கட்டடக்கலைஞர் பியர் லூயிஜி செர்வெல்லாத்தி முன்னின்ற அந்தத் திட்டம், பழைய நகரின் தொழிலாளர் வீடுகளைப் பொது வீட்டுவசதிக்கான நிதியைக் கொண்டே புதுப்பித்தது. வீடுகளைக் கையகப்படுத்தும் முதல் யோசனை எதிர்ப்பில் கைவிடப்பட்டது. பிறகு உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள்: சீரமைக்க நகராட்சி பணம் தரும், பதிலுக்கு வாடகைக்கு வரம்பு உண்டு, பழைய குடியிருப்பாளருக்கு இடம் உண்டு. பொதுப்பணத்துக்குப் பொதுப்பயனை விலையாகக் கேட்ட இந்த ஒப்பந்தம், சுவர்களுக்கு மட்டும் பூச்சு பூசும் மானியங்களைவிடப் புத்திசாலித்தனமானது.

ஜார்ஜ்டவுனில் அப்படி ஒப்பந்தம் போடத் தகுந்த உரிமையாளர்களும் இருக்கிறார்கள். கடைவீடுகளில் கணிசமானவை தனியாரிடம் இல்லை. சீனக் குலச் சங்கங்களான கொங்சிகள், கோயில்கள், இஸ்லாமிய அறக்கட்டளைகளான வக்ஃபுகள் ஆகியவற்றின் சொத்து. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கர் நிலத்தின் கதையை, சூலியா தெருத் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடு சேர்த்து கூ சல்மா நசூத்தியோன் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கோவில் வீடு ஊர்ச் சொத்தாகவே இருப்பதால்தான் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வெள்ளி ரதம் அங்கிருந்தே புறப்பட முடிகிறது. ஓர் உரிமையாளர் இறந்து வாரிசுகள் விற்றிருந்தால், ரதம் நின்ற வாசலில் இப்போது நாலு மேசையும் ஒரு காப்பி இயந்திரமும் இருந்திருக்கலாம்.

துறைமுகக் கரையின் குலத்துறைகள் இன்னும் கூர்மையான சான்று. கடலுக்குள் மரக்கால்களில் நிற்கும் இந்த வீடுகளின் அடியிலுள்ள இடம் அரசுடையது. குடியிருப்பு தற்காலிக உரிமத்தில்தான். பாதுகாப்பே இல்லாத உரிமை என்று தோன்றும். 2006இல் இரண்டு துறைகளை வீட்டுத் திட்டத்துக்காக இடித்தது அந்த அச்சம் வீணல்ல என்று காட்டியது. ஆனால் வெளியாருக்கு எளிதில் விற்க முடியாத அதே நிலைதான், தெருக்கள் காலியானபோதும் சியூ போன்ற குலத்தார் அங்கேயே தங்கியிருக்க உதவியது. அறக்கட்டளை நிலமோ அரசு நிலமோ தானாகக் குடியிருப்போரைக் காத்துவிடாது. சந்தை வாடகை கேட்கும் நிர்வாகக் குழு தனி உரிமையாளரைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். விற்பனைக்கு வராத சொத்தில் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி.

2016இல் நடைமுறைக்கு வந்த சிறப்புப் பகுதித் திட்டம் உயரம், முகப்பு, பொருள், பயன்பாடு எல்லாவற்றுக்கும் விதி வகுத்தது. வாடகை அதன் வரம்புக்கு வெளியே. மலேசிய அரசின் கசானா நிதியத்தின் கிளையான திங்க் சிட்டி 2009 முதல் சீரமைப்புக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. கொங்சியோ வக்ஃபோ பொதுப்பணத்தில் கூரை மாற்றும்போது, பத்தாண்டு வாடகை வரம்பும் இப்போதைய குடியிருப்பாளருக்கு மறுகுடியேற்ற உறுதியும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். யுனெஸ்கோவுக்குப் போகும் கண்காணிப்பு அறிக்கையில் சீரமைத்த முகப்புகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இரவில் உறங்கும் குடியிருப்போரின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் வர வேண்டும்.