தொடக்கநிலை ஃபிட்டர் பயிற்சி (திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி)

திருவள்ளூர் மாவட்டத் தொழிற்சாலைகளில் உலோக வேலைக்கும் இயந்திரப் பொருத்துதலுக்கும் புதிதாக வருவோர் பெரும்பாலும் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர் ஆகிய ஐடிஐ பிரிவுகளில் ஒன்றைப் படித்தவர்கள். வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மற்ற மூன்றும் ஈராண்டு. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இவற்றில் எல்லா ஆலைக்கும் பொதுவாகத் தேவைப்படுபவர் ஃபிட்டர்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கும் உலைகளும் கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலைகளும் இங்கே மிகுதி. ஆவடி, அம்பத்தூர், திருவள்ளூர்ப் பக்கத்தின் கதை வேறு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய மண்வாரி இயந்திரப் பிரிவு பின்னர் கேட்டர்பில்லர் வசம் போனது. அங்கெல்லாம் ஃபிட்டருக்குப் புது இயந்திரத்தைக் கோத்துச் சேர்க்கும் வேலை. கும்மிடிப்பூண்டியிலோ பெரும்பாலும் ஓடி நின்றுபோனதைக் கழற்றி மாட்டும் பராமரிப்பு வேலை. படிப்பு ஒன்றுதான்.

ஐடிஐகளில் நடக்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. இப்போதைய பாடத்திட்டப்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரம்; அதில் 840 மணி பட்டறைச் செய்முறை. முதல் சில வாரங்கள் முழுக்க அரமும் பெஞ்ச் வைஸும்தான். அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்த வேண்டும், இழுக்கும்போது அழுத்தம் கூடாது. புதியவரின் கை ஊஞ்சலாடுவதால் ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: ஒளி கசியும் இடமெல்லாம் பள்ளம். பிறகு 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் காலிப்பர், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் ஆண்–பெண் துண்டுகள், துளையிடல், மரையிடல். எம்10 மரைக்கு 8.5 மி.மீ. துளை என்பதை மனப்பாடமாகச் சொல்லாதவரை ஆசிரியர் விடமாட்டார்.

கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களின் காலத்தில் அரம் எதற்கு என்று மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. பொருத்துமேசையில் விடை கிடைக்கும். சாவிப்பள்ளத்தில் சாவி இறுக்கமாக உட்கார வேண்டும், ஆனால் சுத்தியலடி வாங்கக் கூடாது. விளிம்பில் ஒரு பிசிறு நின்றாலும் பாகம் சரியாக உட்காராது. பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் விசை விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடுதடத்தைக் குழியாக்கும். சில நாளில் சத்தம் கேட்கத் தொடங்கும். ஆகவே பேரிங்கை ஏறத்தாழ 110 டிகிரிக்குச் சூடாக்கி, விரிந்த நிலையில் நழுவவிடுவார்கள். உருட்டாலை மோட்டாரையும் கியர்பெட்டியையும் இணைக்கும்போது டயல் கேஜ் முள்ளைப் பார்த்துப் பார்த்து, மோட்டாரின் காலடியில் தகட்டுத் துண்டுகளைச் செருகி நேராக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னதாக மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது முதல் பாடம். உருட்டாலையில் இதைத் தவிர்ப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை, சீருடை, காலணியும் உண்டு. அம்பத்தூர் அரசு ஐடிஐ இப்பகுதியின் பழைய நிலையங்களுள் ஒன்று. 2022-இல் டாடா டெக்னாலஜிஸுடன் ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பில் செய்த உடன்பாட்டால், மாநிலத்தின் 71 அரசு ஐடிஐகளுக்கு ரோபோ, சிஎன்சி கருவிகள் வந்தன.

தேர்ச்சிக்குப் பின் வருவது அப்ரண்டிஸ் காலம். 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் 2019 விதித் திருத்தமும் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்கின்றன. அவர்களை வெறும் மலிவான கைகளாக நடத்தும் ஆலைகளும் உண்டு. ஒரே இயந்திரத்தில் ஆண்டு முழுவதும் நிறுத்தப்பட்டவர் ஃபிட்டர் ஆவதில்லை.

ஐடிஐ வாசலையே மிதிக்காமல் ஒப்பந்தக்காரர் மூலம் ஹெல்பராகச் சேர்பவர்கள் இப்பகுதியில் ஏராளம். வடமாநிலத்தவரும் அதில் நிறைய. வேலை கையில் வந்துவிடும், ஆனால் சம்பளச் சீட்டில் ஹெல்பர் ஹெல்பராகவே நிற்பார். அனுபவச் சான்று காட்டித் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழி அவர்களுக்கும் உண்டு.