பழவேற்காட்டுப் பாடு

வரலாறு என்றால் கோட்டையும் கொற்றமும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். கோட்டை அழிந்த பின்னரும் குப்பத்து மக்களிடையே நிலைத்து நிற்கும் நெறியொன்று வரலாறு ஆகாதா? பழவேற்காட்டு மீனவரின் ‘பாடு’ என்னும் பங்கீட்டு முறை அத்தகையதே.

லோத்குண்டாவில் வாழும் தமிழராகிய நமக்குப் பழவேற்காடு அயலூரன்று. நாம் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை கூடூரைக் கடந்து சூளூர்ப்பேட்டை, தடா வழியே செல்லுங்கால், அதற்குக் கிழக்கே பரந்து கிடப்பது அவ்வேரியே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி தமிழகத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்கும். அந்நீரோட்டமே இறாலும் மீனும் தருவது.

1613-இல் ஒல்லாந்தர் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்துக்கு 1690 வரை இதுவே தலைமையிடம். துணிகள் கப்பலேறின, அடிமைகளாக மனிதரும் ஏற்றப்பட்டனர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று அப்பெருவாழ்வுக்குச் சான்றாக எஞ்சியவை கோட்டையின் சிதைவுகளும் எழுத்துப் பொறித்த கல்லறைகளுமே.

ஆனால் குப்பங்களில் வாழும் பட்டினவரின் நெறி அழியவில்லை. ஏரியில் எல்லா இடமும் ஒரே வளமுடையதன்று. முகத்துவாரத்தை அடுத்த நீரிலேயே இறால் மிகுதி. வலியோன் அவ்விடத்தைக் கவர்ந்துகொண்டால் எளியோன் வீட்டில் உலை எரியாது. ஆகவே வலையிடும் இடங்களை வரையறுத்து, சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் பகிர்ந்துகொண்டனர். இன்று நல்ல இடத்தில் வலையிட்டவன் நாளை அதனைப் பிறனுக்கு விட்டுக்கொடுப்பான். இது அரசாணையால் பிறந்ததன்று; ஊர்க்கட்டுப்பாட்டால் நிலைபெற்றது. பாடு என்னும் சொல் தமிழில் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். கிடைக்கும் மீனையும் ‘மீன்பாடு’ என்பர். அச்சொல்லே இங்கு உரிமையின் பெயராகவும் நிற்பது எண்ணி இன்புறத்தக்கது.

எனினும் புகழ்ந்து மட்டும் அமைதல் நடுநிலையாகாது. ஊர்ப் பஞ்சாயத்தில் தலைக்கட்டாக ஏற்கப்பட்ட பட்டினவர்க்கே பாட்டில் உரிமை. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு அக்குலுக்கலில் சீட்டில்லை. தமக்குள் சமன்செய்து சீர்தூக்கிய கோல், பிறர்க்கு எட்டாமலே நின்றது.

இன்று அக்கோலே தளர்கிறது. தலைக்கட்டுகள் பெருகப் பெருக, ஒருவனுக்கு முறை வரும் நாள்கள் அருகின. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் ஏரி உயிர்ப்பிழக்கிறது. தெற்கே எண்ணூரிலும், பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. கரையின் வருங்காலம் குறித்த முடிவுகள் குப்பத்துக்கு வெளியே எடுக்கப்படுகின்றன.

நீர் குறையுங்கால் நெறியும் குலையும் என்பதை நாம் மறத்தலாகாது. முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும்; பாட்டின் கதவும் இருளர்க்குத் திறத்தல் வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால், கோட்டை கட்டியோர் விட்டுச் செல்லாத ஒரு செல்வத்தை வலை வீசியோர் நாட்டுக்கு வழங்கியவராவர்.