மன்றோ 1842-இல் ஏற்காடு வந்தாரா?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி, மகளின் பள்ளிக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியா இருக்கா பாருங்க சார்" என்றாள். முதல் வரியே, ‘சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842-இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்.’

கூகுளில் தேடினேன். பல தளங்களில் அதே வரி. பத்து இடத்தில் இருந்தால் பத்து சாட்சி என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினால் அது ஒரே சாட்சிதான். பரீட்சை ஹாலில் நின்ற எனக்கா தெரியாது!

ஏற்காட்டை விட்டுவிட்டு, மன்றோ பெயரை மட்டும் போட்டுத் தேடினேன். மனிதர் 1827 ஜூலையிலேயே பத்திகொண்டாவில் காலராவில் இறந்துவிட்டார். இளம் வயதில், 1792 முதல் சில ஆண்டுகள், பாராமகாலில் வேலை பார்த்தவர் என்பது உண்மை. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களிலேயே மலையில் காபி வளர்த்திருக்கிறார். பிறகு 1842-இல் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

இதற்கெல்லாம் சுற்றுலாத் தளங்கள் உதவாது. இன்டர்நெட் ஆர்கைவில் தேடுங்கள். லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் (1918) இரண்டையும் பாருங்கள். மலையின் பெயரை ஆங்கிலத்தில் ‘ஷெவராய்’, ‘ஷெர்வராயன்’ என இரு விதமாகவும் அடித்துப் பாருங்கள்.

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லையும் அடிக்கச் சொன்னேன். சேர்வராயனைக் கும்பிடும் மலையாளி மக்கள் (கேரளத்தார் அல்ல, நம் மலைக்காரர்கள்) வெள்ளைக்காரர் வருமுன்பே அங்கே இருந்தவர்கள்.

"மார்க் குறைஞ்சிடுமா தாத்தா?" என்று கேட்டாள் குழந்தை. மன்றோ இறந்த தேதியையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.