எந்த அடுப்பு வாங்குவது?

சரவணம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் தம்பி மகள் போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு கேள்வி போட்டாள். "அத்தை, அடுத்த வாரம் சமையல் மேடைக்கு கிரானைட் வெட்ட ஆள் வர்றாங்க. கல்லை வெட்டி உள்ளே பதிக்கிற ஹாப் வைக்கலாமா, மேலே தூக்கி வைக்கிற சாதா கேஸ் அடுப்பே போதுமா, இல்லை எல்லாத்தையும் இண்டக்‌ஷனுக்கு மாத்திடலாமா?"

நான் பார்ப்பதற்குள் இருபது பேருக்கு மேல் பதில் சொல்லியிருந்தார்கள். பாதிப் பேர் அவரவர் வாங்கியதையே வாங்கச் சொன்னார்கள். அதில் முக்கால்வாசி ஆண்கள், அதையும் குறித்துக்கொண்டேன். வரலாறு டீச்சரிடம் கேட்டால் வரலாறுதான் வரும். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இது பழக்கம்தான், உறவுக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஹாப் என்ற சொல். இங்கிலீஷ்காரர் வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் கெட்டிலைச் சூடாக வைத்திருக்கும் திட்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அது நம் வீட்டிலும் இருந்தது. கொடியடுப்பு என்போம். அன்னூர்ப் பக்கம் என் அமுச்சி வீட்டில் மண்ணால் போட்ட அடுப்பு. பெரிய கண்ணில் சோறு கொதிக்கும், அதிலிருந்து உள்ளேயே ஓடிவரும் அனலில் பக்கத்துக் கொடியடுப்பில் பருப்பு தானாக வேகும். ஒரே தீ, இரண்டு சமையல். சிம்மில் வைப்பதற்குத் திருகு கிடையாது. "என்ற கண்ணு, அந்தக் கட்டைய கொஞ்சம் வெளிய இழுத்து உடு" என்பார்கள், அதுதான் சிம்.

அந்த அடுப்பில் என்ன எரிப்பது என்பதை அமுச்சி முடிவு செய்யவில்லை. காடு முடிவு செய்தது. கரிசல் மண்ணில் கம்போடியா பருத்தி போட்டிருந்த காலம். பருத்தி எடுத்து முடிந்ததும் மாரைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக அடுக்கி வைப்பார்கள். அந்த வருடத்து அடுப்பு அதில்தான் எரியும். பருத்திமார் சட்டென்று பிடிக்கும், சட்டென்று அடங்கும். ஆகவே ஒருவர் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மழைநாளில் அது புகைகிற புகை சொல்லி மாளாது. கிணற்றுப் பாசனம் பெருகித் தென்னை வந்த பிறகு மட்டையும் பன்னாடையும் வந்தன. புகையால் ஒரு நன்மையும் உண்டு. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிரைப் பூச்சி தொடாது.

நகரத்தில் மில் தொழிலாளர் வீடுகளில் வேறு கதை. காடு இல்லை, விறகுக் கடையில் எடை போட்டு வாங்க வேண்டும். அதற்கு மாற்றாக மரத்தூள் அடுப்பு. மர அறுவை மில்லில் ஒரு மூட்டைத் தூள் வாங்கி வந்து, தகர டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை மெதுவாக உருவி எடுத்தால் நடுவில் ஒரு குழல். கீழ்த் துவாரத்தில் தீ வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். தள்ளிவிட ஆள் வேண்டாம். ஆனால் நடுவில் அணைக்கவும் முடியாது. உருவும்போது தூள் சரிந்தால் அன்றைக்குச் சமையல் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும்.

இதிலே எனக்கு எப்போதும் வியப்பான விஷயம் ஒன்று. பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்திலேயே கோவைக்கு வந்துவிட்டது. நம் பஞ்சாலைகளும் கிணற்று மோட்டார்களும் அதனால் பெருகின. மாவாட்டும் வெட் கிரைண்டர் இந்த ஊரில் பிறந்து, புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் மாவை ஆட்டியது மின்சாரம், இட்லியை வேகவைத்தது விறகு. கரண்டு கணக்கு கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். ஆட்டுக்கல் முன்னால் போகும் நேரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அடுப்புப் புகை வீட்டில் ஒருத்தர் கண்ணில் மட்டும் போனது என்பதும் ஒரு காரணமென்று நான் நினைக்கிறேன்.

புகையைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியோடு வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். அங்கே மகன்வாடியில் உருவான புகையில்லா அடுப்புக்கு 'மகன் சூலா' என்று பெயர். ஆண் பிள்ளை என்ற பொருளில் இல்லை, மகன்லால் காந்தியின் பெயரில் வந்த இடம் அது. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் 1950களில் இதையே மேம்படுத்தினார். 1983 டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரு பானை, இரண்டு பானை அடுப்புகளை வடிவமைத்துக் கொடுத்தது.

1986 வாக்கில் எங்கள் அம்மா வீட்டிலும் அப்படி ஒன்று போட்டார்கள். இரண்டு கண், பின்னால் புகைபோக்கி. முதல் மாதம் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டாவது கண்ணில் பாத்திரம் இல்லாவிட்டால் புகை அதன் வழியே வீட்டுக்குள் வரும். குழாயில் கரி அடைத்தது, துடைக்க ஆள் வரவில்லை. ஓட்டைப் பிரித்துக் குழாய் விட்ட இடத்தில் மழை ஒழுகியது. எல்லாவற்றுக்கும் மேல், களி. ராகிக்களி கிண்டுவது என்றால் பானையைக் காலால் அணைத்துப் பிடித்து, துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக் கிளற வேண்டும். அந்த மெல்லிய மண் திட்டு இரண்டாம் மாதமே விரிந்துவிட்டது. அடுப்பை வடிவமைத்தவர்கள் நல்ல மனிதர்கள், கெட்டிக்காரர்கள். களி கிண்டியவர்கள் அல்ல. 2002இல் அந்தத் திட்டமே நின்றுவிட்டது. அம்மா அதற்கு வெகு காலம் முன்பே பழைய அடுப்புக்குத் திரும்பியிருந்தார்.

நான் வேலைக்கு வந்தது 1978இல். காலை எட்டே காலுக்கு பஸ். விறகு அடுப்பு ஒத்துவராது, பம்பு ஸ்டவ்தான். 1892இல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் கண்டுபிடித்த பிரைமஸின் வாரிசு அது. உஸ்ஸ் என்று இரையும், பின் குத்த வேண்டும், அளவுக்கு மேல் காற்றடிக்கக் கூடாது. 1977இல் இந்தியன் ஆயில் 'நூதன்' திரி ஸ்டவ்வைக் கொண்டுவந்திருந்தது. பம்பு இல்லை, சத்தம் இல்லை, எண்ணெயும் மிச்சம். நான் இரண்டு வருடம் கழித்துத்தான் அதற்கு மாறினேன். பம்பு ஸ்டவ்வில் தீ வேகம், எனக்கு வேகம் தேவைப்பட்டது. ரேஷன் கடையில் நீல நிற மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது தனிக் கதை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. அந்த வருடங்களில் செய்தித்தாளில் வாரம் தவறாமல் ஒரு வரி வரும்: ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் பெயரும் ஒரு நாள் அந்த வரியில் வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். உண்மையில் ஸ்டவ் வெடித்துச் செத்தவர்களும் உண்டு. ஆனால் மாமியாரும் மாமனாரும் காப்பி வைத்தபோது வெடிக்காத ஸ்டவ், மருமகள் பற்ற வைக்கும்போது மட்டும் ஏன் வெடிக்கிறது என்று ஊரே முணுமுணுத்தது. 1983இல் 498-ஏ, 1986இல் 304-பி என்று தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் வந்தது இப்படிப்பட்ட சாவுகளால்தான். அதற்குப் பிறகு பெண்ணைக் கொடுக்கும்போது பாத்திரத்தோடு கேஸ் அடுப்பும் வாங்கிக் கொடுத்த அப்பாக்களை நான் அறிவேன். அதைச் சீர் என்று சொல்வதா, வேறு எதுவும் சொல்வதா எனக்குத் தெரியவில்லை.

சமையல் கேஸ் இந்தியாவுக்கு வந்தது 1950களின் நடுவில், பர்மா ஷெல் மூலம். இண்டேனின் முதல் இணைப்பு 1965 அக்டோபரில் கல்கத்தாவில். நம் பக்கத்து நடுத்தர வீடுகளுக்கு வர இன்னும் பல காலம் ஆனது. நான் 1981இல் பதிவு செய்து 1988இல் வாங்கினேன். மூத்தவன் அதற்குள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கேஸ் வந்ததும் சமையல்கட்டே எழுந்து நின்றது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். அதனால் சிலிண்டர் கீழே, அடுப்பு அதைவிட உயரத்தில் என்பது விதி. தரையில் உட்கார்ந்து சமைத்த பெண்கள் நின்று சமைக்கத் தொடங்கினார்கள். புகை போனது, முழங்கால் வலி வந்தது என்று என் நாத்தனார் சொல்வார். இன்றைக்கு நீங்கள் கிரானைட் போடும் மேடைக்கு அந்த சிலிண்டர்தான் பாட்டன்.

அம்மா வீட்டுக்கும் 1996இல் கேஸ் வந்தது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? விருந்தாளிக்குக் காப்பி வைக்க மட்டும் கேஸ். சோற்றுக்கும் களிக்கும் விறகு. நான் சண்டையே போட்டேன். "சிலிண்டருக்கு உங்கப்பன்கிட்ட காசு கேக்கோணும். மட்டை தோட்டத்துல சும்மா கெடக்குது கண்ணு" என்றார். புகைபோக்கியைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் யோசித்த எந்தத் திட்டமும் இந்த ஒரு வாக்கியத்தை யோசிக்கவில்லை. 2006க்குப் பிறகு தி.மு.க. அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோதும், 2016இல் உஜ்வாலா வந்தபோதும் இதே கதைதான். முதல் சிலிண்டர் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்தடுத்த சிலிண்டருக்குக் காசு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அம்மா 1999இல் போய்விட்டார். கடைசி நான்கு வருடம் மூச்சுத் திணறல். பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவுக்குப் பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். வெற்றிலைகூடப் போடாதவர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். விறகு எரிக்கும் வீடுகளில் சமைப்பவர் நெஞ்சுக்குள் போகும் தூசி எவ்வளவு, கேஸ் வீட்டில் எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கே கிடைத்தது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் அம்மா மாதிரி எத்தனை பேரிடம் பீடி குடித்தீர்களா என்று கேட்டிருப்பார்களோ.

சரி, கண்ணு, உன் கேள்விக்கு வருகிறேன்.

இண்டக்‌ஷன் நல்லது. புகையும் இல்லை, தீயும் இல்லை. காந்தத்தால் பாத்திரமே சூடாவதால் வீணாவது குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் அளவு சக்தி இருக்கிறது. கேஸ் அடுப்பு அதில் ஏறத்தாழ 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். இண்டக்‌ஷன் 85 சதவீதம் வரை கொடுக்கும் என்றால், ஒரு சிலிண்டர் வேலைக்கு 145 யூனிட் கரண்டு ஆகும். உன் மின் கட்டண அட்டையை எடுத்துப் பார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். ஏ.சி. இருக்கும் வீட்டில் இந்த 145தான் உன்னைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளும். 2012இல் கோவையில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாமல் இருந்ததை நீ மறந்திருப்பாய், அப்போது நீ பள்ளிக்கூடம். நான் மறக்கவில்லை. ஆகவே முழுக்க இண்டக்‌ஷன் வேண்டாம்.

பதிக்கிற ஹாப் பார்க்க அழகு. ஆனால் கல்லை வெட்டினால் வெட்டியதுதான். பத்து வருடம் கழித்து அதே அளவில் வேறு கிடைக்காவிட்டால் கல்லையும் மாற்ற வேண்டும். கண்ணாடித் தளத்தின் மேல் வைத்து நீ களி கிண்டப் போகிறாயா? உன் மாமியார் கிண்டுவார். இண்டக்‌ஷனில் அடி உருண்டையான வடச்சட்டியும் மண்சட்டியும் பித்தளையும் ஆகாது, காந்தம் ஒட்டும் தட்டையான பாத்திரம் வேண்டும். பால், அரிசிம்பருப்புச் சாதக் குக்கர், குளிருக்கு வெந்நீர், இதற்கெல்லாம் ஒரு ஒற்றை இண்டக்‌ஷன் போதும். பக்கத்தில் மேலே தூக்கி வைக்கிற இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, கனமான பித்தளை பர்னரோடு, ஸ்டீல் தளத்தில். அம்மா இரண்டு அடுப்பு வைத்திருந்தார் என்று சண்டை போட்ட நானே உன்னையும் இரண்டு வைக்கச் சொல்கிறேன், சிரிக்காதே. இரண்டிலும் புகை இல்லை, இரண்டுக்கும் காசு உன் கையில் இருக்கிறது.

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வரும்போது மேடைக்கு மேல் 16 ஆம்பியர் பிளக் ஒன்று, தனி வயரோடு போடச் சொல். 2,000 வாட் இண்டக்‌ஷனை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். புகைபோக்கித் துவாரத்தைச் சுவரில் இப்போதே விட்டுவிடச் சொல், பிறகு உடைக்க வேண்டியிருக்கும். சின்னம்மா உயரத்துக்கு மேடையை இரண்டு அங்குலம் குறைக்கலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு எனக்கு போன் போடு.