ஏரிச் சேற்றில் எழுந்த பேராலயம்

பாறைமீது வீடு கட்டிய அறிவாளியையும் மணல்மீது கட்டிய அறிவிலியையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் நன்கு அறிவோம். ஆனால் பாறையே கிடைக்காத இடத்தில் கட்ட நேர்ந்தவர்கள் என்ன செய்வார்கள்? மெக்சிக்கோ நகரின் தலைமைப் பேராலயம் இந்த வினாவோடுதான் நானூற்றைம்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது.

அந்நகரம் ஏரியின் நடுவே பிறந்தது. ஆஸ்டெக் என்று நாம் அழைக்கும் மெஷிக்க மக்கள் 1325ஆம் ஆண்டையொட்டி டெக்ஸ்கோகோ ஏரியின் தீவொன்றில் தெனோச்தித்லான் என்னும் தலைநகரை எழுப்பினர். எரிமலைச் சாம்பலும், கண்ணுக்குப் புலப்படாத நீர்வாழ் உயிர்களின் ஓடுகளும் படிந்து உருவான களிமண் அது. உலர்ந்த மண்ணின் எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு நீரைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் கடற்பஞ்சு என்றே அதைச் சொல்லலாம். அம்மக்கள் மரமுளைகளை நெருக்கமாக அடித்து அம்மண்ணை இறுக்கினர். பாரம் குறையும்படி, துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லைக் கொண்டு கட்டினர். மண்ணின் இயல்பறிந்து வாழ்ந்த மக்கள் அவர்கள்.

1521இல் எர்னான் கோர்த்தேஸின் படை அந்நகரை வீழ்த்தியது. கோவில்கள் இடிக்கப்பட்டன, அவற்றின் கற்கள் ஆலயச் சுவர்களாயின. தோற்றவர்களின் புனித இடத்தைத் தகர்த்து அதன்மேல் நற்செய்தியை நாட்டிய செயலை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள இயலாது, மறைப்பதும் நேர்மையாகாது.

இன்றுள்ள பேராலயத்தின் பணி, கிளவுதியோ தெ ஆர்சினியேகா என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1573இல் தொடங்கியது. இசுபானியர் மெஷிக்கரின் முறையையே கைக்கொண்டனர். ஆயிரக்கணக்கான மரமுளைகளை இறக்கி, அவற்றின்மேல் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பெரிய மேடையை அமைத்தனர். ஆயினும் கட்டும்போதே கட்டடம் அமிழத் தொடங்கிற்று. தாழ்ந்த பக்கத்தில் தூண்களின் உயரத்தைக் கூட்டிச் சமன்செய்துகொண்டே கொத்தர்கள் மேலே சென்றனர். இப்படியே 240 ஆண்டுகள் கடந்து 1813இல் பணி நிறைவுற்றது. தொடங்கியவர்களின் பேரர்கள்கூட முடிவைக் காணவில்லை.

பெருந்துன்பம் அதற்குப் பின்னரே வந்தது. வளர்ந்துவந்த நகரம் ஆழ்கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரை உறிஞ்சிற்று. நீர் வற்றிய களிமண் சுருங்கியது. இத்தொடர்பைப் பொறியியலறிஞர் நாபோர் கர்ரியோ 1947இல் தெளிவாக விளக்கினார். இருபதாம் நூற்றாண்டில் நகரின் நடுப்பகுதி 7 மீட்டருக்கும் மேலாக அமிழ்ந்தது. 1910இல் எழுப்பப்பட்ட விடுதலைத் தூபி தன் முளைகளின்மீது நின்றுவிட, சுற்றியிருந்த தரை இறங்கிப்போனதால், அதன் அடியில் 14 படிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று!

எல்லாம் ஒரே அளவில் அமிழ்ந்திருந்தால் பேராலயத்துக்குப் பெருந்தீங்கு நேர்ந்திராது. ஆனால் அதன் அடியில் பழைய கோவில்களின் எச்சங்கள் புதைந்து கிடந்தன. நெடுங்காலம் அவற்றின் பாரத்தைச் சுமந்த இடங்களில் களிமண் முன்பே இறுகியிருந்தது. மற்ற இடங்களில் இளகியே இருந்தது. எனவே பீடத்துக்குப் பின்புறமுள்ள பகுதி உயர்ந்து நிற்க, மேற்குக் கோபுரம் தாழ்ந்துகொண்டே போயிற்று. 1989ஆம் ஆண்டளவில் இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு ஏறத்தாழ 2.4 மீட்டர். வெற்றியாளர் அழித்துவிட்டதாக எண்ணிய கோவில்களே ஆலயத்தின் ஒரு பக்கத்தைத் தாங்கி நின்றன என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

தாழ்ந்த பக்கத்தை உயர்த்துவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அவ்வளவு பெரிய பாரத்தை உயர்த்துவது எங்ஙனம்? 1970களில் அடியில் இறக்கப்பட்ட தாங்குமுளைகளும் குறையைத் தீர்க்கவில்லை. ஆகவே பொறியாளர்கள் எதிர்வழியைத் தேர்ந்தனர்: உயர்ந்து நிற்கும் பக்கத்தைத் தாழ்த்துவது. தாழ்ந்து நிற்கும் பீசா கோபுரத்துக்காக இத்தாலியரான தெர்ராசினா 1962இலேயே முன்மொழிந்த முறை இது. பேராலயத்தின் அடியில் 32 கிணறுகள் இறக்கப்பட்டன. 1993 முதல் 1998 வரை, கிணறுகளின் அடியிலிருந்து பக்கவாட்டில் குழாய்களைச் செலுத்திக் களிமண்ணைச் சிறிது சிறிதாக உருவியெடுத்தனர். ஏற்பட்ட துளைகள் மேற்பாரத்தால் மூடிக்கொள்ள, உயர்ந்த பகுதி மெல்ல இறங்கிற்று. அக்காலமெல்லாம் ஆலயத்தின் உட்புறம் இரும்புச் சாரங்களால் நிறைந்திருந்தது. முக்கால் மீட்டருக்கும் மேலான வேறுபாடு சரிசெய்யப்பட்டது.

அதன் பின்னரே இரண்டாவது பணி. மண்ணின் இயல்பு மாறாவிட்டால் பழைய சாய்வு மீண்டும் தோன்றும் அல்லவா? ஆகவே விரைவில் அமிழும் இடங்களில் களிமண்ணுக்குள் சிமெந்து கலந்த சாந்தை அழுத்தத்தோடு செலுத்தினர். அழுத்தம் தாங்காமல் களிமண் செங்குத்தாகப் பிளந்தது. பிளவுகளில் பாய்ந்த சாந்து கெட்டித் தகடுகளாக உறைந்தது. வாழைமட்டையை அதன் நார் தாங்குவதுபோல, இளகிய மண்ணை இத்தகடுகள் உள்ளிருந்தே தாங்குகின்றன. இங்கே மண்ணை அகற்றவில்லை. அது இருந்தபடியே வலுவூட்டப்பட்டது. நிலத்தடி நீரை எடுப்பது நிற்காதவரை நகரம் அமிழ்வதும் நிற்காது. எனவே பேராலயம் அமிழாமல் இருக்க வேண்டுமென்று பொறியாளர்கள் வாக்களிக்கவில்லை; முடிந்தவரை சமமாக அமிழ வேண்டுமென்பதே அவர்கள் குறிக்கோள். மருத்துவத்திலும் இத்தகைய அடக்கமான வாக்குறுதியே நம்பத்தக்கது.

மெக்சிக்கோவில் பெற்ற அனுபவம், மண்ணை உருவும் முறையைப் பீசாவிலும் துணிந்து கையாள ஊக்கமளித்தது. 1990 முதல் மூடியிருந்த அக்கோபுரம் 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மெக்சிக்கோ பேராலயத்தின் குவிமாடத்திலிருந்து நீண்டதொரு தூக்குக்குண்டு தொங்குகிறது. ஆலயம் எப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது, பின்னர் எவ்வளவு நிமிர்ந்தது என்பதை அதன் கீழே தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். திருப்பலிக்கு வருவோர் அதைக் கடந்துதான் பீடத்தை நோக்கிச் செல்கின்றனர்.